வாடகைக்கு வந்த வீட்டு கேட்டில் பேங்க் நோட்டீஸ். ஓனர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?

மாடிப்படி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. இந்த வீட்டுக்கு வந்து இரண்டரை மாதம்தான் ஆகிறது, அதற்குள் தூக்கம் போய்விட்டது.

தனி வீடு, கீழும் மேலுமாக மொத்தத்தையும் நாங்களே எடுத்திருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. வாடகை 18,000, அட்வான்ஸ் 90,000, பதினொரு மாத ஒப்பந்தம். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறாராம். அவருடைய மச்சான்தான் வீட்டைக் காட்டினார், அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், வாடகையும் அவர் கணக்குக்குத்தான் போகிறது. ஓனரோடு ஒரே ஒரு தடவை வாட்ஸ்அப்பில் பேசினேன், "எல்லாம் மச்சான் பார்த்துக்குவார்" என்று முடித்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை பேங்கிலிருந்து மூன்று பேர் வந்து கேட்டில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸை ஒட்டி, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன், அம்மா மட்டும்தான் வீட்டில். தெருவே நின்று பார்த்திருக்கிறது, நாங்கள்தான் கடன் வாங்கிவிட்டுக் கட்டாமல் இருக்கிறோம் என்பது போல. அம்மா அன்று சாப்பிடவே இல்லை. மச்சானுக்குப் போன் செய்தால் "அது லோன் விஷயம், நீங்க கண்டுக்காதீங்க" என்கிறார்.

இதோடு முடியவில்லை. போர் தண்ணீர் இந்த மாதம் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது. எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டால், ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தான், முன்பு இருந்தவர்களும் இதனால்தான் காலி செய்தார்கள் என்கிறார். கீழ் அறையில் நாங்கள் வீடு பார்க்க வந்தபோது புது பெயின்ட் வாசனை அடித்தது. ஒரே ஒரு கோடை மழைக்கு அந்தச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் தோல் தோலாக உரிகிறது.

இவற்றையெல்லாம் வாடகைக்கு விடும்போது ஓனர் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் ஏதாவது இருக்கிறதா? இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளாதது எங்கள் தப்பு என்றுதான் சொல்வார்களா? அட்வான்ஸ் திரும்ப வருமா? பள்ளி திறக்கும் நேரத்தில் மறுபடி வீடு மாற வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

கோர்ட்வராண்டா

நான் சிவில் வழக்குகள் பார்ப்பவன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: ஆம், சொல்லியிருக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவிலேயே முதல் வரியாக இது இருக்கிறது. வீட்டில் ஒரு முக்கியமான குறை இருந்து, அது ஓனருக்குத் தெரிந்திருந்து, குடிவருபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாததாக இருந்தால், அதை ஓனர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தால் ஒழிய, இது எல்லா வீட்டு வாடகைக்கும் பொருந்தும். இவ்வளவு பழைய கடமை இது, இன்றைக்கும் பாதி ஓனர்களுக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேர் சொல்வதில்லை.

ஓதம் ஏறும் சுவருக்கு மேல் பெயின்ட் அடித்துக் காட்டினார்கள் என்றால் அது இந்தப் பிரிவுக்குள் நன்றாகவே வரும். நீங்கள் சுவரைச் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்த ஒன்றை வேலை மெனக்கெட்டு மூடி மறைப்பது ஒப்பந்தச் சட்டத்திலும் மோசடிக்குள் வருகிறது, அதைக் காட்டி ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். தண்ணீர் விஷயத்தில் வாதம் கொஞ்சம் இழுபறியாக இருக்கும், ஆனால் முன்பு இருந்தவர் அதற்காகவே காலி செய்தார் என்பதை எதிர்வீட்டு அம்மா சொல்லத் தயாராக இருந்தால் உங்கள் பக்கம் பலம்.

அடமானம் வேறு வகை. அது கட்டடத்தின் குறை இல்லை. ஆனால் அதே 108ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வாடகை கட்டி ஒப்பந்தப்படி நடப்பவரை இடையூறு இல்லாமல் குடியிருக்க விட வேண்டும். நோட்டீஸ் வரும் நிலையில் உள்ள வீட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் வாடகைக்கு விட்டவர் அந்த உறுதியை மீறுகிறார்.

அப்புறம் மச்சான். நம் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது) இதைத் தனியாகவே பேசுகிறது. ஓனர் தன் சார்பில் ஒருவரை வைத்து வீட்டைக் கவனித்தால், அவர் பெயர் என்ன, ஓனர் அவருக்கு அதிகாரம் கொடுத்ததற்கு என்ன ஆதாரம், எந்தெந்த வேலைக்கு அதிகாரம், எத்தனை காலத்துக்கு என்பதையெல்லாம் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். மச்சான் என்ற உறவு ஆதாரம் ஆகாது. பவர் பத்திரமோ குறைந்தது ஓனர் கையெழுத்திட்ட கடிதமோ வேண்டும். உங்களிடம் அது இருக்கிறதா?

இப்போது அவசரமான ஒன்று. அந்த நோட்டீஸில் இரண்டு தேதிகள் இருக்கும், இரண்டையும் பார்த்து இங்கே எழுதுங்கள். ஒன்று, கடன் வாங்கியவருக்கு 60 நாளில் கட்டச் சொல்லி பேங்க் கொடுத்த முதல் நோட்டீஸின் தேதி. இன்னொன்று, வீட்டைச் சுவாதீனம் எடுத்ததாக, அதாவது தன் வசம் எடுத்துக்கொண்டதாக, பேங்க் சொல்லும் தேதி. ஆங்கிலம் சிரமமாக இருந்தால், இந்த மாதிரி சுவாதீன நோட்டீஸை ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் போட வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் தமிழிலும் வந்திருக்கும், தேடிப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத் தேதி அந்த 60 நாள் நோட்டீஸுக்கு முன்னா பின்னா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

கீழ்வீட்டுக்காரர்

நான் ஓனர் பக்கம் இருந்து எழுதுகிறேன், மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் அம்மாவை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. யாரோ வாங்கிய கடனுக்கு இன்னொரு குடும்பம் தெருவில் தலைகுனிவது சரியில்லை.

சில ஓனர்கள் வாய் திறக்காததற்குக் காரணம், குறையைச் சொன்னால் வீடு போகாது என்ற பயம். என் அனுபவம் வேறு. என் பின்பக்கப் போர்ஷனில் ஐப்பசி, கார்த்திகையில் சாக்கடை எதிர்த்து வரும். ஆரம்பத்தில் நானும் சொல்லவில்லை, இரண்டு குடும்பம் ஒரே வருடத்தில் சண்டை போட்டுக் காலி செய்தது. அப்புறம் வீடு பார்க்க வருபவரிடம் நானே அந்த இடத்தைக் காட்டி, மழைக்காலத்தில் இப்படி வரும், நான் ஆள் வைத்து அடைப்பு எடுத்துக் கொடுப்பேன், வாடகையில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். இப்போது இருப்பவர் ஆறு வருடமாக இருக்கிறார்.

வீட்டுக்கடன் இருப்பதையும் சொல்லிவிடுவேன். கடன் இருப்பதில் தப்பே இல்லை, நிறைய வீடுகள் கடனில் கட்டியவைதான். ஆனால் தவணை ஒழுங்காகப் போகிறதா, வாடகைக்கு விட பேங்க் சம்மதம் வேண்டும் என்று கடன் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பது குடிவருபவருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

இன்னொன்று, ரிப்பேர். எதை யார் செய்வது என்று 2017 சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனருடையது. டேப், வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி, பூட்டு மாதிரியானவை குடியிருப்பவருடையது. நான் அதை ஒரு தாளில் தமிழில் எழுதி ஒப்பந்தத்தோடு கொடுத்துவிடுவேன், ஈபி சர்வீஸ் நம்பரும் அதிலேயே இருக்கும், அவர்களே பில்லைப் பார்த்துக்கொள்ளலாம், யூனிட்டுக்கு எவ்வளவு என்ற பேச்சே வராது. மாடிப்படி, உங்கள் ஓதச் சுவர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஓனர் தலையில்தான், மச்சான் உங்களைச் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓனரும் குடிவருபவரிடம் சில உண்மைகளை எதிர்பார்க்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள், வீட்டில் தொழில் ஏதாவது செய்வீர்களா என்பதை மறைத்து வருபவர்களும் உண்டு. ஆனால் வீட்டைப் பற்றித் தெரிந்தவர் ஓனர்தான், முதலில் பேச வேண்டியதும் அவர்தான்.

வரவுசெலவு

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்கள் பையில் இருந்து போகும் பணம். ஓனர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியரா என்பது நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய தகவல். அப்படி இருந்தால், வாடகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதில் வரி பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பு வாடகை தருபவர் மேல் விழுகிறது. 30 சதவீதம், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி. உள்நாட்டு ஓனராக இருந்தால் மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு இந்த வேலை. பிடிக்காமல் விட்டால் வரித்துறை ஓனரை மட்டும் கேட்பதில்லை, உங்களையும் கேட்கும்.

இங்கே பணம் மச்சான் கணக்குக்குப் போகிறது, வீடு ஓனர் பெயரில். வாடகை யாருடைய வருமானம்? உங்கள் கம்பெனியில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) கழிவு கேட்கிறீர்கள் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை கொடுப்பவர் ஓனரின் பான் நம்பரைத் தர வேண்டும். உங்களுக்கு 2,16,000 வருகிறது. யாருடைய பானைக் கொடுத்தீர்கள்? மச்சானுடையது என்றால் உடனே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், வருட முடிவு வரை தள்ளாதீர்கள். ரசீதும் ஓனர் பெயரில் வாங்குங்கள், வாடகைக்கு ரசீது தருவது சட்டப்படி கடமை, தயவு இல்லை.

மாடிப்படி

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து நோட்டீஸை வரி வரியாகப் படித்தேன். முதல் நோட்டீஸ் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. நாங்கள் வந்து இரண்டரை மாதம். அப்படியென்றால் கடன் நின்றுபோய், பேங்க் எழுதிக் கேட்ட பிறகுதான் எங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டதில் இருந்து கோபம் அடங்கவில்லை. பவர் பத்திரம் எதுவும் எங்களுக்குக் காட்டவில்லை. ஒப்பந்தம் எங்கேயும் பதியவில்லை. பான் மச்சானுடையதுதான். என் மனைவி, இனி வாடகையே கொடுக்க வேண்டாம், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளட்டும் என்கிறாள். அது சரியா?

கோர்ட்வராண்டா

தேதி உங்களுக்குச் சாதகமாக இல்லை, அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தைப் பேங்க் எடுக்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி அந்த முதல் நோட்டீஸ் வந்த பிறகு பேங்கின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. அப்படி விட்ட வாடகை உரிமையைக் கடன் வசூல் தீர்ப்பாயம் பேங்குக்கு எதிராக ஏற்காது, 2016இல் செய்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. பேங்க் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் மனு போடலாம், ஆனால் உங்கள் தேதியை வைத்துக்கொண்டு அங்கே போய் வீட்டைத் தக்கவைக்கலாம் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

ஆனால் நாளைக்கே தெருவில் நிற்க வேண்டியதில்லை. கேட்டில் ஒட்டியது பெரும்பாலும் காகிதச் சுவாதீனம்தான், அதாவது எழுத்தில் மட்டும் எடுத்தது. ஆட்களை வெளியேற்றிப் பூட்டுப் போட, பேங்க் பொதுவாக மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ தனியாக உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வரும். அதற்கு நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் உங்கள் கையில் இருப்பது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து ஒரு கடிதம் அனுப்புங்கள்: நாங்கள் இன்ன தேதியில் இருந்து வாடகைக்கு இருக்கிறோம், கடனைப் பற்றி எங்களிடம் சொல்லவில்லை, ஒப்பந்த நகலும் பணம் கொடுத்த ஆதாரமும் இணைத்திருக்கிறோம், வீடு மாற இவ்வளவு நாள் அவகாசம் வேண்டும். தானாகக் காலி செய்கிறேன் என்பவருக்கு அவகாசம் கொடுப்பதில் பேங்குக்கும் நஷ்டம் இல்லை.

வாடகையை நிறுத்துவது பற்றி உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது 2017 சட்டத்தில் உங்களைக் காலி செய்யச் சொல்லும் காரணங்களில் ஒன்று, அந்த ஆயுதத்தை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஓனருக்கு நேராக, வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள், அவர் "சரி" என்று எழுதிய பிறகு கழியுங்கள். இன்றைய நிலையில் அட்வான்ஸை முழுதாகக் கையில் வாங்குவதைவிட இப்படிக் கரைத்துக்கொள்வதுதான் நடக்கக்கூடியது. பேங்கிடம் அட்வான்ஸைக் கேட்க முடியாது, அது உங்களுக்கும் ஓனருக்கும் இடையிலான கணக்கு. சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையைத்தான் அளவாக வைத்திருக்கிறது, நீங்கள் ஐந்து மாதம் கொடுத்திருக்கிறீர்கள், அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள், ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொகை என்பதால் அதை மட்டும் நம்பிச் சண்டை போட வேண்டாம்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய 90 நாள் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் பாக்கி. ஓனர் வராவிட்டாலும் உங்கள் தரப்பு விவரத்தை நீங்கள் தனியாகத் தாக்கல் செய்யலாம். இது பேங்கைத் தடுக்காது. ஆனால் அட்வான்ஸுக்காக ஓனர் மேல் போகும்போது பதியாத ஒப்பந்தத்தோடு போய் நிற்பது பெரிய பலவீனம். இதை இந்த வாரமே செய்யுங்கள். மச்சான் தெரிந்தே மறைத்துப் பணம் வாங்கினார் என்று போலீஸில் புகார் கொடுப்பதையும் யோசியுங்கள், ஏழு மாதத்துக்கு முந்தைய அந்தத் தேதி அங்கே உங்களுக்கு உதவும்.

நிலாமுற்றம்

சகோ, எனக்கும் ஒரு தடவை நடந்தது, அதனால் எழுதுகிறேன். வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுத்து லீஸுக்கு எடுத்த வீடு. பணம் வாங்கியவர் ஓனரே இல்லை, அவரே அங்கே வாடகைக்கு இருந்தவர். கொடுத்த பணத்தில் பாதியை மீட்க மூன்று வருடம் அலைந்தேன், அந்த மூன்று வருடமும் வீட்டில் யாரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டது இல்லை.

இப்போது எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நடப்பு வருட வீட்டு வரி ரசீது, ஈபி பில், ஓனரின் அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம், சர்வே நம்பரும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் போதும். பேங்கில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியதைப் பதிந்திருந்தால் அதில் வந்துவிடும். ஓனரிடம் சர்வே நம்பர் கேட்டால் சிலருக்கு முகம் மாறும். "வாடகைக்கு வர்றவங்க இதெல்லாம் எதுக்கும்மா கேக்குறீங்க" என்று ஒருவர் கேட்டார். நான் அந்த வீட்டை எடுக்கவில்லை. இன்னொருவர் தானே ஈசி (வில்லங்கச் சான்று) நகலை எடுத்து வைத்துக்கொண்டு, கடன் இருக்கிறது, இந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டினார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறேன்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், தெருவில் இருப்பவர்களுக்கு உண்மை தெரிய இரண்டு நாள் ஆகாது. எதிர்வீட்டு அம்மாவிடமே அந்த நோட்டீஸில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

மாடிப்படி

அக்கா, நீங்கள் சொன்னபடியே மனைவி இன்று காலை எதிர்வீட்டுக்குப் போய் வந்துவிட்டாள். அம்மா மதியம் வாசலில் உட்கார்ந்திருந்தார், ஒரு வாரத்துக்குப் பிறகு.

பேங்குக்குக் கடிதம் போய்விட்டது, பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில். மூன்று மாத அவகாசம் கேட்டிருக்கிறேன். வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு நாளை லீவு போட்டுப் போகிறேன், ஆடிட்டரை வியாழக்கிழமை பார்க்கிறேன். ஓனருக்கு எழுதியதில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். பிள்ளைகள் பள்ளி நண்பர்கள் வந்து போகிறார்கள், கேட்டில் இருக்கும் நோட்டீஸை எடுத்துவிடலாமா?

கோர்ட்வராண்டா

எடுக்காதீர்கள், அதன் மேல் எதையும் ஒட்டவும் வேண்டாம். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். காற்றில் தானாகக் கிழிந்து விழுந்தாலும் அந்தத் தாளை எடுத்து ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்துவிட்டு, விழுந்த தேதியை அதன் பின்னால் எழுதிவிடுங்கள். ஓனர் பதில் எழுதினால் என்ன எழுதினார் என்று அப்படியே இங்கே போடுங்கள், "சரி" என்பதைக்கூட எப்படிச் சொன்னார் என்பது முக்கியம்.